வாய் ஈரமாக இருந்தால்தான் விழுங்க முடியும்: ஊட்டிவிடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விழுங்கச் சிரமப்படும் ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி, "என்ன கொடுக்கலாம்?" என்பதுதான். பக்கவாதம், நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்), கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு என்று காரணம் எதுவாக இருந்தாலும் கேள்வி மாறுவதில்லை. நான் பதில் சொல்வதற்கு முன் அவர்களிடம் கேட்பது, "வாய் ஈரமாக இருக்கிறதா, பார்த்தீர்களா?" என்பது. விழுங்குதல் பயிற்சி அளிப்பதே என் தொழில். உணவைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு எச்சிலைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. நாளெல்லாம் நாம் அதிக முறை விழுங்குவது உணவை அல்ல, எச்சிலைத்தான். உணவே உண்ணாத நோயாளியும் எச்சிலை விழுங்கியாகவேண்டும்.

எனவே இந்த வழிகாட்டி வாயை ஈரமாக்குவதில் தொடங்கி, ஊட்டுவதற்கு அதன்பிறகே வருகிறது. என் நோயாளிகளின் வீடுகளிலும் இதே வரிசைதான்.

முதலில் உங்கள் கழுத்தில் செய்து பாருங்கள்

அடுத்தவருக்கு ஊட்டுவதற்கு முன் விழுங்குதல் என்றால் என்னவென்று உங்கள் விரல்களுக்குத் தெரியவேண்டும். நிமிர்ந்து உட்காருங்கள். ஆள்காட்டி விரலைத் தாடைக்கு அடியில், மென்மையான சதையின் மேல் வையுங்கள். நடுவிரல் கழுத்தும் தாடையும் சேரும் மடிப்பில் இருக்கட்டும். மோதிர விரலும் சுண்டுவிரலும் கழுத்தின் முன்பக்கம் புடைத்திருக்கும் குரல்வளையின் மேல் படட்டும். அழுத்தவேண்டாம், தொட்டால் போதும். இப்போது எச்சிலை விழுங்குங்கள்.

ஆள்காட்டி விரலுக்குக் கீழே சதை இறுகும். நாக்கு மேலண்ணத்தில் அழுந்திக் கவளத்தைப் பின்னே தள்ளுகிறது என்பதன் அடையாளம் அது. உடனே நடுவிரலுக்கு அடியில் நாவடி எலும்பு மேலும் முன்னுமாக நகரும். அதே வேகத்தில் குரல்வளை கடைசி இரு விரல்களைத் தாண்டி மேலே எழும்பி, மறுபடி கீழே இறங்கும். எல்லாம் ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும்.

அந்த ஒரு விநாடியில் உள்ளே நடப்பவை பல. மென்னண்ணம் (மேலண்ணத்தின் பின்பகுதியிலுள்ள மென்சதை) உயர்ந்து மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. மூச்சு நின்றுவிடுகிறது. குரல்நாண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மூடிக்கொள்கின்றன. குரல்வளை மேலேறும்போது குரல்வளை மூடி அதன்மேல் சாய்ந்து கவிழ்கிறது. எப்போதும் இறுகியே இருக்கும் உணவுக்குழல் வாசலின் தசைவளையம் அந்த நேரத்தில் தளர்ந்து திறக்கிறது. குரல்வளை முன்னே இழுபடும்போது வாசல் இன்னும் அகலமாகிறது. கவளம் உள்ளே போனதும் மூச்சு திரும்ப வருகிறது, பெரும்பாலும் வெளிமூச்சாக. குரல்வளை வாசலில் துணுக்கு ஏதும் தங்கியிருந்தால் வெளியே வரும் காற்று அதை நுரையீரல் பக்கம் போகவிடாது. உடல் தனக்கென்று செய்துவைத்திருக்கும் இந்தக் காவல் எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

இந்த வரிசை முழுவதையும் நடத்துவது மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளம். வாயில் நடப்பது நம் விருப்பத்துக்கு உட்பட்டது. மெல்லலாம், நிறுத்தலாம், துப்பலாம். கவளம் தொண்டையைத் தொட்டபின் நம் கையில் எதுவும் இல்லை. அதன்பின் சுமார் 25 சென்டிமீட்டர் நீள உணவுக்குழல், பற்பசைக் குழாயைப் பின்னாலிருந்து பிதுக்குவதுபோல், கவளத்தை 8 முதல் 10 விநாடிகளில் இரைப்பைக்குத் தள்ளிவிடுகிறது.

விரல்களை எடுக்காதீர்கள். தண்ணீர் குடிக்காமல் அடுத்தடுத்து இரண்டு, மூன்று, நான்கு முறை விழுங்கப் பாருங்கள். மூன்றாவதிலோ நான்காவதிலோ தொண்டை முரண்டு பிடிக்கும். தசைகள் களைத்துவிடவில்லை, விழுங்குவதற்கு எச்சில் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வாய் எப்போதும் உலர்ந்தே இருக்கும் ஒருவருக்கு ஒவ்வொரு கவளமும் இப்படித்தான் இருக்கும். இதை ஒருமுறை உணர்ந்தபின் ஊட்டும் கைக்குப் பொறுமை தானாக வரும்.

இதே சோதனையை நோயாளியிடமும் செய்யலாம். விரல்களை அவர் குரல்வளையில் வைத்து, 30 விநாடிகளில் முடிந்தவரை எத்தனை முறை விழுங்குகிறார் என்று எண்ணுங்கள். ஜப்பானில் உருவான எளிய பரிசோதனை இது. மூன்றுக்குக் குறைந்தால் மருத்துவரிடமோ விழுங்குதல் சிகிச்சையாளரிடமோ காட்டியபிறகே வாய்வழி உணவைப் பற்றி முடிவெடுக்கவேண்டும். வாய் மிகவும் உலர்ந்திருந்தால், ஈரத்துணியால் வாயை நனைத்துவிட்டு எண்ணுங்கள். உலர்ந்த வாயோடு எண்ணினால் எண்ணிக்கை குறைந்ததற்குத் தசை காரணமா, வறட்சி காரணமா என்று பிரிக்க முடியாது.

எச்சில் எங்கிருந்து வருகிறது

கண்ணாடி முன் நின்று கன்னத்தை விரலால் விலக்குங்கள். மேல்வரிசையின் இரண்டாவது கடைவாய்ப்பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உட்புறத்தில் சிறு மேடு ஒன்று தெரியும். அந்த இடத்தைப் பஞ்சால் ஒற்றி உலர்த்திவிட்டு, வெளியே காதுக்கு முன்னாலிருந்து கன்னத்தை வாய்ப்பக்கமாக மெல்ல நீவுங்கள். மேட்டின் நுனியில் தெளிந்த நீர் ஒரு துளியாகத் திரண்டு நிற்கும். செவியருகுச் சுரப்பியின் குழாய் திறக்கும் இடம் அது. 1660-ஆம் ஆண்டு நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற டென்மார்க் நாட்டு இளைஞர் ஓர் ஆட்டின் தலையை அறுத்து ஆராயும்போது இந்தக் குழாயைக் கண்டார். இன்றும் அது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. நாக்கைத் தூக்கினால், நாக்கை வாயின் அடித்தளத்தோடு பிணைக்கும் நரம்பு போன்ற சவ்வின் இருபுறமும் இன்னும் இரண்டு சிறு மேடுகள் இருக்கும். கீழ்த்தாடைச் சுரப்பிகளின் வாசல் அவை. நாவடிச் சுரப்பிகள் அவற்றுக்குப் பக்கத்திலேயே சிறு துளைகள் வழியாகச் சுரக்கின்றன. இவை போக உதடு, கன்னம், அண்ணம் எங்கும் நூற்றுக்கணக்கான குட்டிச் சுரப்பிகள்.

இவற்றின் வேலைப் பங்கீடு ஊட்டுபவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். சும்மா இருக்கும்போது வாயை நனைத்து வைப்பதில் பெரும்பங்கு கீழ்த்தாடைச் சுரப்பிகளுடையது. மெல்லத் தொடங்கியதும் செவியருகுச் சுரப்பிகள் தண்ணீராகக் கொட்டுகின்றன. நாவடிச் சுரப்பியும் குட்டிச் சுரப்பிகளும் தருவது வழுவழுப்பான சளிச்சாறு. கவளம் ஒட்டாமல் வழுக்கிப் போவது அதனால்தான். ஆக, எச்சில் என்பது இருவகை. ஒன்று உணவைக் கரைத்து நனைப்பது, மற்றொன்று உருட்டி வழுக்கவிடுவது. தண்ணீர் முதல் வேலையைச் செய்யும், இரண்டாவதைச் செய்யாது. வாய் உலர்ந்தவர் ஓயாமல் தண்ணீர் குடித்தும் "தொண்டையில் ஒட்டுகிறது" என்று சொல்வது இதனால்தான்.

ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. அதில் 99 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். மிச்சமுள்ள துளியில்தான் மாவுப்பொருளைச் செரிக்கத் தொடங்கும் அமைலேஸ், கிருமிகளைச் சிதைக்கும் லைசோசைம், பற்களைச் செப்பனிடும் கால்சியமும் பாஸ்பேட்டும், அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டும் இருக்கின்றன. சுரப்பு வேகம் கூடக் கூடப் பைகார்பனேட்டும் கூடும். மெதுவாக ஊறும் எச்சில் அமிலம் கூடியது. வாய் வறண்டவர்களின் பற்கள் வேர்ப்பக்கமாகச் சட்டென்று சொத்தையாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தூங்கும்போது சுரப்பு கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. இரவு பல் துலக்குவதை எந்த நோயாளிக்கும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சுரப்பிகளுக்கு ஆணை இடுவது இருவகை நரம்புகள். உடல் அமைதியாக இருக்கும்போது மேலோங்கும் எதிர்ப்பரிவு நரம்புகள் தூண்டினால் தெளிந்த எச்சில் பெருகும். பயத்திலும் பதற்றத்திலும் மேலோங்கும் பரிவு நரம்புகள் தூண்டினால் புரதம் மிகுந்த, கெட்டியான எச்சில் கொஞ்சமாக வரும். பயந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வது இதனால்தான். பதற்றத்தோடும் அதட்டலோடும் ஊட்டினால் நோயாளியின் வாய் உண்மையிலேயே உலர்ந்துபோகும். அமைதியாக ஊட்டுங்கள் என்று நான் சொல்வது பண்பாட்டுக்காக மட்டும் அல்ல.

வறட்சியை அளப்பது

"வாய் உலர்கிறது" என்ற உணர்வும் சுரப்பு குறைவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அளந்து பார்க்க வழி உண்டு. காலையில், உணவோ தண்ணீரோ எடுத்து ஒரு மணி நேரமாவது கடந்தபின், நோயாளி தலையைச் சற்றுக் குனிந்து உட்காரட்டும். விழுங்காமல், மெல்லாமல், பேசாமல், வாயில் சேரும் எச்சிலை 15 நிமிடம் ஒரு கிண்ணத்தில் வழியவிடவேண்டும். பிறகு மருந்துக்கான ஊசிக்குழலால் உறிஞ்சி அளவைப் பாருங்கள். ஆரோக்கியமானவருக்கு நான்கைந்து மில்லிலிட்டர் சேரும். ஒன்றரை மில்லிலிட்டரோ அதற்கும் கீழோ என்றால் சுரப்பிகள் சரியாக வேலை செய்யவில்லை, மருத்துவர் பார்க்கவேண்டும். கண்ணும் சேர்ந்து உலர்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். ஷோகிரன் நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர், எச்சில் சுரப்பிகளைத் தாக்கும்.

இதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு விரைவு வழி: கையுறை அணிந்த விரலைக் கன்னத்தின் உட்புறம் தடவுங்கள். வழுக்கினால் நல்லது. ஒட்டி இழுத்தால் வறட்சி.

எச்சிலை ஊறவைப்பது

மெல்லும் அசைவுதான் சுரப்பியின் முதல் தூண்டுகோல். எந்தப் பக்கம் மெல்கிறோமோ அந்தப் பக்கச் செவியருகுச் சுரப்பி அதிகம் சுரக்கும். மென்று விழுங்கப் பாதுகாப்பான நிலையில் இருப்பவருக்குச் சர்க்கரை இல்லாத சூயிங்கம் நல்ல பயிற்சி. புரையேறும் ஆபத்து உள்ளவருக்கு அதைக் கொடுக்கவே கூடாது. அவர்களுக்குத் தாடையை வெறுமனே அசைக்கச் சொல்லலாம், காதுக்கு முன்னாலிருந்து கன்னத்தை நீவிவிடலாம், தாடைக்கு அடியில் கட்டைவிரலால் மெல்ல அழுத்தலாம். உணவுக்குமுன் சில நிமிடங்கள் இதைச் செய்தால் வித்தியாசம் தெரியும்.

சுவைகளில் எச்சிலை மிக வேகமாக வரவைப்பது புளிப்பு. ஆனால் எலுமிச்சையும் கிளிசரினும் தோய்த்த பஞ்சுக்குச்சியை நான் ஏற்பதில்லை. அமிலம் பல்லை அரிக்கும், கிளிசரின் வாயிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்பஞ்சே போதும். உதட்டுக்கு ஈரப்பசை தடவுங்கள். செயற்கை உமிழ்நீர்க் களிம்பும் தெளிப்பானும் கிடைக்கின்றன. உணவுக்குமுன்னும் படுக்கும்போதும் பயன்படுத்துவது நல்லது. வாயால் மூச்சுவிட்டுத் தூங்குபவருக்கு மூக்கடைப்பைக் கவனியுங்கள். அதைச் சரிசெய்யாமல் களிம்பு எவ்வளவு தடவினாலும் விடிவதற்குள் வாய் காய்ந்துவிடும்.

நான் பார்க்கும் வறட்சிகளில் பெரும்பகுதி மருந்துகளால் வருவது. ஒவ்வாமை மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மருந்துகள், அடிக்கடி சிறுநீர் வருவதைத் தடுக்கும் மருந்துகள், சிறுநீர்ப்பெருக்கிகள் எல்லாம் வாயை உலர்த்தும். இவை இரண்டு மூன்று சேர்ந்தால் கேட்கவேவேண்டாம். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்று உண்டா, வேளையை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சுரப்பிகளில் உயிர் மிஞ்சியிருந்தால் பைலோகார்பின் போன்ற சுரப்பூட்டும் மருந்தையும் அவர் யோசிக்கலாம்.

சாப்பிடத் தொடங்கியதும் தாடைக்கு அடியில் வீங்கி வலித்து, பிறகு வற்றுகிறது என்றால் எச்சில் குழாயில் கல் அடைத்திருக்கலாம். அதற்கு வேறு சிகிச்சை.

ஊட்டுதல்

ஊட்டுவதற்குமுன் வாயைச் சுத்தம் செய்யுங்கள். இதைக் கேட்டால் பலரும் விழிக்கிறார்கள், உணவுக்குப் பிறகுதானே என்று. நுரையீரலைக் கெடுப்பது தவறிப்போகும் உணவு மட்டும் அல்ல. அதோடு சேர்ந்து போகும் வாய்க்கிருமிகள்தான் பெரிய ஆபத்து. வாய் சுத்தமாக இருந்தால், கொஞ்சம் தவறிப் போனாலும் நிமோனியா வரும் வாய்ப்பு குறைகிறது. குழாய்வழி உணவு பெறுபவருக்கும் வாய்ச்சுத்தம் கட்டாயம். அவர் எச்சிலை விழுங்கிக்கொண்டேதான் இருக்கிறார்.

நோயாளி முழு விழிப்போடு, இடுப்பை நாற்காலியின் பின்புறம் ஒட்டி, நேராக உட்கார்ந்திருக்கவேண்டும். பாதங்கள் தரையில் படவேண்டும். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டாதீர்கள். நின்றால் அவர் அண்ணாந்து வாய் திறப்பார். அண்ணாந்தால் மூச்சுக்குழல் வழி திறந்துகொள்ளும், குரல்வளை எழும்பச் சிரமப்படும். அவர் கண்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ உட்காருங்கள்.

சிறிய, தட்டையான தேக்கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். அரைக்கரண்டி போதும். கீழிருந்து வாய்க்குக் கொண்டுபோய், நாக்கின் நடுவில் மெல்ல அழுத்துங்கள்; அந்த அழுத்தம் நாக்கை எழுப்பிவிடும். உதடுகள் மூடியபின் கரண்டியை நேராக வெளியே இழுங்கள். மேல்பற்களில் வழித்துவிடாதீர்கள். முகத்தின் ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் வலுவுள்ள பக்கத்தில் வையுங்கள்.

பிறகு, காத்திருங்கள். குரல்வளை எழும்பி இறங்குவதைக் கண்ணால் பாருங்கள். வாய் அசைவது விழுங்குவது ஆகாது. பக்கவாதத்துக்குப் பிறகு என்னிடம் வந்த ஒரு பெரியவர் வாயை நன்றாக அசைப்பார், தலையையும் ஆட்டுவார். மகள் அடுத்த கரண்டியை நீட்டுவார். நான் தளர்ந்த பக்கக் கன்னத்தை விலக்கிப் பார்த்தபோது, நான்கைந்து கரண்டி உணவு அப்படியே அங்கே அடங்கியிருந்தது. அந்தப் பக்கம் உணர்வு இல்லாததால் அவருக்கே அது தெரியவில்லை. அன்றுமுதல் ஒவ்வொரு கரண்டிக்குப் பின்னும் வெறும் விழுங்கல் ஒன்று, சில கரண்டிகளுக்கு ஒருமுறை கன்னத்தைத் திறந்து ஒரு பார்வை என்று அந்த மகளுக்குப் பழக்கினேன். உணவு நேரம் நீண்டது, ஆனால் உள்ளே போகவேண்டியது போனது.

சில கரண்டிகளுக்கு ஒருமுறை "ஆ" என்று சொல்லச் சொல்லுங்கள். குரல் தெளிவாக இருந்தால் தொடரலாம். கொப்பளிப்பதுபோல் ஈரமாகக் கரகரத்தால் குரல்நாண்கள் மேல் ஏதோ தங்கியிருக்கிறது. இருமி, மறுபடி விழுங்கச் செய்யுங்கள். அப்போதும் குரல் தெளியாவிட்டால் அந்த வேளை உணவை நிறுத்துங்கள். இருமல் வரவில்லை என்பதால் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். தொண்டையின் உணர்வு மங்கியவருக்கு உணவு இருமலே இல்லாமல் மூச்சுக்குழலுக்குள் போகும். அதை உறுதிசெய்வது எக்ஸ்ரே காணொளிப் பரிசோதனையோ மூக்குவழி உள்நோக்கியோதான்.

முகவாயை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்குவது, தளர்ந்த பக்கம் தலையைத் திருப்பி விழுங்குவது போன்ற உத்திகள் சிலருக்குப் பெரிதும் உதவும், சிலருக்குக் கெடுதல் செய்யும். ஆளைப் பரிசோதித்தவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். உணவு முடிந்து அரைமணி நேரமாவது படுக்கவிடாதீர்கள்.

தண்ணீர்தான் கடினம்

கெட்டியான உணவைவிடத் தண்ணீரை விழுங்குவது பலருக்குக் கடினம். நாக்கு பிடித்து நிறுத்துவதற்குள் அது தொண்டைக்கு ஓடிவிடுகிறது. முகுளம் வாசலை மூடுவதற்கு முன்பே மூச்சுக்குழலின் வாசலில் போய் நிற்கிறது. எனவேதான் கெட்டியாக்கச் சொல்கிறோம். எவ்வளவு கெட்டி என்பதைக் கண்மதிப்பில் விடாதீர்கள். 10 மில்லிலிட்டர் ஊசிக்குழலை எடுத்து (0 முதல் 10 வரையுள்ள அளவுக்கோடு 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்கவேண்டும்) உள்தண்டை நீக்கி, நுனியை விரலால் அடைத்து, 10 வரை ஊற்றுங்கள். விரலை எடுத்து, 10 விநாடி கழித்து மறுபடி அடையுங்கள். மிச்சம் ஒரு மில்லிலிட்டருக்குக் குறைவு என்றால் சாதாரணத் தண்ணீர். ஒன்றிலிருந்து நான்கு வரை முதல்நிலைக் கெட்டி, நான்கிலிருந்து எட்டு வரை இரண்டாம்நிலை, எட்டுக்கு மேல் தங்கி, சிறிதாவது வழிந்தால் மூன்றாம்நிலை. பல நாடுகளில் மருத்துவமனைகள் பின்பற்றும் சர்வதேச அளவுமுறை இது. உங்களுக்குச் சொல்லப்பட்ட நிலை எதுவோ, ஒவ்வொரு வேளையும் அதைச் சோதித்தே கொடுங்கள்.

கெட்டியாக்கும் பொடி மாவுச்சத்தாலானது என்றால் ஒரு எச்சரிக்கை. நோயாளியின் வாயில் போன கரண்டி திரும்பத் திரும்பக் கோப்பைக்குள் போகும்போது எச்சிலின் அமைலேஸும் கூடவே போகிறது. சிறிது நேரத்தில் அது மாவுச்சத்தைக் கரைத்து, நீங்கள் பார்த்துப் பார்த்துக் கெட்டியாக்கியதைத் தண்ணீராக்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக வேறு கோப்பையில் ஊற்றிக்கொண்டு ஊட்டுங்கள். மாவுச்சத்து அல்லாத சாந்தன் பசையில் செய்த பொடிக்கு இந்தச் சிக்கல் இல்லை. குழந்தைகளுக்கு எந்தப் பொடியையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

எச்சில் வடிவது

நடுக்குவாதம் உள்ளவருக்கு வாயோரம் எச்சில் வழிந்தால் "எச்சில் அதிகமாக ஊறுகிறது" என்று குடும்பத்தார் சொல்வார்கள். பெரும்பாலும் அதிகம் ஊறுவதில்லை, விழுங்குவதுதான் குறைந்துவிட்டது. தானாக நடந்துகொண்டிருந்த விழுங்கல் அவருக்கு மறந்துபோகிறது, தலையும் முன்னே கவிழ்ந்திருக்கிறது. தலையை நிமிர்த்தி உட்காரவைப்பதும், உதட்டை மூடி விழுங்கும்படி அவ்வப்போது நினைவூட்டுவதும் முதல் மருந்து. எச்சிலை வற்றவைக்கும் மருந்துகள் அதன் பிறகே, மருத்துவர் முடிவில். வற்றினால் கவளம் உருளாது என்பதை அவருக்கும் நினைவூட்டுங்கள்.

மாத்திரை

வாயை ஈரமாக்காமல் மாத்திரை கொடுக்காதீர்கள். உணவுக்குழலில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். தண்ணீர் பாதுகாப்பாகக் குடிக்கக் கூடியவர் என்றால் கேப்ஸ்யூலுக்குத் தலையைச் சற்று முன்னே சாய்க்கச் சொல்லுங்கள். கேப்ஸ்யூல் மிதக்கும், குனிந்தால் அதுவே தொண்டைப் பக்கம் நகரும். மாத்திரையை நீங்களாகப் பொடிக்காதீர்கள், மெதுவாகக் கரைய வேண்டியவை, இரைப்பையைத் தாண்டிக் கரைய வேண்டியவை உண்டு.

எப்போது ஓடவேண்டும்

பேசவோ இருமவோ மூச்சுவிடவோ முடியாமல் அடைத்துக்கொண்டால், தண்ணீர் கொடுக்காதீர்கள். முன்னே சாய்த்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. சரியாகாவிட்டால் பின்னாலிருந்து தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டி வைத்து உள்நோக்கி மேலே ஐந்து முறை அழுத்தம். மாறி மாறிச் செய்யுங்கள், இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும்.

அவ்வளவு அவசரம் இல்லாத அடையாளங்களும் உண்டு: காரணம் தெரியாத காய்ச்சல், உணவுக்குப்பின் கூடும் சளி, குறையும் எடை, முன்பு பதினைந்து நிமிடத்தில் முடித்த உணவு முக்கால்மணி நேரம் இழுப்பது. மருத்துவரிடம் போகும்போது எந்தப் பதத்தில் எது இறங்குகிறது, எதில் இருமல் வருகிறது, 30 விநாடியில் எத்தனை விழுங்கல், 15 நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் எச்சில் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சாப்பிடும் எல்லா மருந்துகளையும், ஒன்றையும் விடாமல், பையில் எடுத்துச் செல்லுங்கள்.